இருபத்திரண்டாம் வரிசைப் பலகை

உப்புத்தாளை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. பலகையைப் பிடித்திருந்த இடது கையின் விரல்கள் அடிப்பக்கத்தில் எதையோ தடவின. ஒரு கீறல், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் சற்று நீளமாக ஒன்று.

"வெல்டன், இதைக் கொஞ்சம் திருப்பிப் போடு," என்றாள் ஆல்வா மிம்ஸ்.

கல்லூரியின் கால்பந்து மைதானத்தில் நான் புல் வெட்டினேன். ஆல்வா முப்பத்தேழு வருடம் இருக்கைகளுக்கு எண் எழுதினாள். மைதானம் மூடி ஆறு வருடம் ஆகிறது. இப்போது அதை இடிக்கிறார்கள். இருக்கைப் பலகைகளை நன்கொடை தந்த குடும்பங்களுக்கு என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். அலபாமாவில் எங்கள் பக்கம் அந்த இருக்கைகளை உயிலில் எழுதிவைப்பார்கள்; தாத்தா உட்கார்ந்த இடத்தில்தான் பேரன் உட்காருவான். இந்தப் பலகை மேற்குப் பார்வையாளர் மேடை, இருபத்திரண்டாம் வரிசை. பாய்கின் குடும்பத்துடையது. ஹாலெட் பாய்கின் அதை வீட்டு முகப்பில் பெஞ்சாகப் போடப்போகிறார். பழைய கையாலேயே எண் எழுதவேண்டும் என்று ஆல்வாவிடம் கொடுத்திருந்தார்.

ஆல்வாவும் கல்லூரியில் ஒரு பலகை கேட்டிருந்தாள், வடக்கு மேடையிலிருந்து. அலுவலகப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வடக்கு மேடைன்னு ஒண்ணு இதுல இல்லையேம்மா," என்றாள்.

இருந்தது. கரிக்கிடங்கு வாசல் வழியாகப் போய் எங்கள் கறுப்பு ஜனங்கள் உட்கார வேண்டிய மேடை அது. பந்து எதிர்க்கோடிக்குப் போய்விட்டால் ஆட்டம் வெறும் சத்தம்தான். ஆல்வாவின் அப்பா ஐசம், ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைத்தவர், சனிக்கிழமைதோறும் ஒரே இடத்தில் உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் பையிலிருந்த ஆணியால் பலகைக்கு அடியில் ஒரு கீறல் போடுவார். ஜெயித்தால் நீளக் கீறல். பக்கத்தில் உட்கார்ந்த மகள் விரலால் தடவிப் பார்ப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அந்த மேடையைப் பிரித்தார்கள். அதே கோடையில் மேற்கு மேடையில் உளுத்த பலகைகளை மாற்றினார்கள்.

"நாப்பத்தி மூணு கீறல்," என்றாள் ஆல்வா. "கடைசிக்கு முந்தினது நீளம். அன்னிக்கு ஜுரத்தோட போனேன்."

"அப்போ பாய்கின் தாத்தா உக்காந்த பலகை?"

"அது அப்பவே எவன் வீட்டு அடுப்புலயோ எரிஞ்சிருக்கும்."

ஹாலெட் வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இது உங்க தாத்தா உக்காந்தது இல்ல, மிஸ்டர் ஹாலெட். எங்கப்பாவோடது. வடக்கு மேடையிலேர்ந்து கழட்டி இங்க போட்டு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எனக்குக் குடுத்துடுங்க. வேற பலகையில இதே நம்பரை எழுதித் தர்றேன்."

அவர் குனிந்து தடவினார். கண் உண்மையாகவே கலங்கியது.

"மிஸ் ஆல்வா, எவ்வளவு அழகா இருக்கு! அப்படியே விட்டுடுங்க. அடியில இதெல்லாம் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி வெச்சு, வர்ற விருந்தாளிங்களுக்கெல்லாம் உங்கப்பா கதையைச் சொல்றேன்."

"நான் பலகையைக் கேட்டேன்."

"நான் பொறந்ததுலேர்ந்து உக்காந்த இடமாச்சே, எப்படிக் குடுப்பேன்? ஒரு விதத்துல உங்கப்பாவும் எங்க குடும்பம்தான்னு ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை வர்றேன்."

மறுநாள் நான் போனபோது அவள் மரத்தூளைப் பசையில் குழைத்து, ஒவ்வொரு கீறலாக அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன பண்றே?"

"அவங்க பட்டியல்ல பலகை இருக்கு. எங்கப்பா இல்ல."

"ஒண்ணையாவது விட்டு வை, ஆல்வா."

"ஒண்ணு இருந்தாலும் அந்த ஆள் கதை சொல்லுவாரு."

அவசரப்படவில்லை. அடைத்தாள், காயவிட்டாள், தேய்த்தாள், மறுபடி அடைத்தாள். கடைசிக்கு முந்தினதில் மட்டும் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அதையும் மூடிப் பச்சை வண்ணம் பூசினாள். அப்புறம் பலகையைத் திருப்பி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கை எண்களை வெள்ளையில் எழுதினாள். அவ்வளவு சுத்தமாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலெட் முதலில் அடிப்பக்கத்தைத்தான் தடவினார். வழவழப்பாக இருந்தது.

"மிஸ் ஆல்வா, அந்தக் கீறல்ங்க..."

"எந்தக் கீறல், மிஸ்டர் ஹாலெட்?" அவள் பலகையின் ஒரு முனையைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள். "நம்பர் சரியா இருக்கா, பாத்துக்குங்க."