பத்தொன்பது அக்கா

2022ஆம் ஆண்டு மார்ச் இரண்டாம் திகதி, விபூதிப் புதன். காலைப் பூசையில் இட்ட சாம்பல் நெற்றியில் அழியாமல் இருக்க, பிறெடி டோஹாவுக்கு வேலைக்குப் புறப்பட்டான். அன்று ஏழு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் முனையில் வாடகைக் கார்க்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றான்; பெற்றோல் அளவாகத்தான் இருக்கிறது, சுணங்கினால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தான். பிறெடி மாமியாரை முத்தமிட்டான், மனைவியை அணைத்தான். பிறகு முன்னறைக்குத் திரும்பிப் போய் மோட்டார் சைக்கிளின் டேங்கைத் தன் கைக்குட்டையால் ஒருதரம் துடைத்தான். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை அரைச்சுத்து உருட்டு, றேணு. ஒரே இடத்தில பாரம் இருந்தால் டயர் தட்டையாப் போயிடும். மற்றது, என்ன நடந்தாலும் ரிம்மில இழுக்காத. ரிம் போனால் பைக் போச்சு."

"சரி."

"கிறிஸ்மஸுக்கு வந்து உன்னை ஏத்திக்கொண்டு சுத்துவன்."

"சரி, போங்கோ. கார்க்காரன் ஏசுறான்."

றேணுகாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அவள் கொன்வென்ட்டில் ஏ.எல். படிப்பு முடித்து, கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் பத்திரம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவள் அங்கேயே பதினாறு வருடம் உட்கார்ந்துவிட்டாள். கொள்கலன்கள் எந்தெந்த ஊருக்குப் போகின்றன என்று அவளுக்கு மனப்பாடம். அவள் போன ஆகத் தூரமான இடம் தலவில அன்னம்மாள் கோயில். பிள்ளைகள் இல்லை. தாய் றஞ்சிதம் இரண்டு முழங்காலும் விட்டுப்போனவள்.

மோட்டார் சைக்கிள் 1954ஆம் ஆண்டு பிஎஸ்ஏ, பிறெடியின் தகப்பன் விட்டுப்போனது. ஸ்டாண்ட் முறிந்திருந்ததால் முன்னறைச் சுவரோடு சாய்ந்து நிற்கும். வாசலால் வருகிற எவரும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே வரவேண்டும். பாதர் வீடு மந்திரிக்க வந்தபோதும் அப்படித்தான் வந்தார். அந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதன் கதவு உள்ளே திறப்பது. ஹாண்டிலில் இடித்து ஒரு சாண் அளவோடு நின்றுவிடும். அந்த ஒரு சாணால்தான் அவர்களுக்குக் காற்று.

"உன்ர புருசன் வெளிநாடு போயிட்டான்," என்பாள் றஞ்சிதம், ஹாண்டிலில் ஈரத்துவாயைக் காயப்போட்டபடி. "சக்களத்தியை எங்கட தலையில விட்டிட்டு."

"துவாயை எடுங்கோ மம்மி. துருப்பிடிக்கும் எண்டு சொன்னவர்."

"எனக்கும்தான் துருப்பிடிக்குது. ஆர் கேக்கிறது?"

அந்த வருடம் நவம்பரில் ஒரு மத்தியானம் பின் டயர் வெடித்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பகுதியில் எவருக்கும் வெடிச்சத்தம் விளையாட்டில்லை. ஒழுங்கை முழுதும் வாசலுக்கு வந்துவிட்டது. றஞ்சிதம் கட்டிலில் இருந்தபடி முழு ஜெபமாலையையும் சொல்லி முடித்தபிறகுதான் றேணுகா அலுவலகத்திலிருந்து ஓடிவந்தாள். ரப்பர் பாளம் பாளமாகப் பிளந்து, டியூப் குடலைப்போல வெளியே தொங்கியது. முன் டயரும் வெடிப்பு விழுந்து அன்றோ நாளையோ என்றிருந்தது. பைக் பின்பக்கம் ரிம்மில் குந்திவிட்டது. இனி உருட்ட முடியாது.

"டயர் தேடு," என்றான் பிறெடி தொலைபேசியில். "அகலம் மூன்றேகால், ரிம் பத்தொன்பது இஞ்சி. முன்னும் பின்னும் ஒரே அளவுதான். எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டாள். தேடத் தொடங்கினாள்.

டயர் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாள். முச்சக்கர வண்டி டயர் இருந்தது, ஸ்கூட்டர் டயர் இருந்தது. பத்தொன்பது என்றதும் கடைக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட ஆம்பிளை ஒருவரும் வரவில்லையா என்று அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். மூன்றாம் மாதத்தில் அவளுக்கு அங்கே பெயர் விழுந்துவிட்டது. தூரத்தில் கண்டதும், "பத்தொன்பது அக்கா வாறா, இல்லையெண்டு சொல்லு," என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். சிங்களக் கடைகளில் அதுவே 'தஹநமய அக்கா' ஆயிற்று.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரின் கராஜில் ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு காலி வீதி பஸ்ஸில் போனாள். டொக்டரின் மனைவி, பவுடர் பூசி பொலித்தீனில் சுற்றிய டயரைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் தூக்கிவந்து கொடுத்தாள். "நிலத்தில தொடாத டயர் பிள்ளை. புத்தம் புதுசு." றேணுகா அதை மடியில் வைத்துக்கொண்டு நேரே கொம்பனித்தெருவுக்குப் போனாள். அங்கே இப்ஹாமின் கடை. தேடித் திரிந்ததில் அவளைக் கேலி செய்யாத ஒரே கடைக்காரர் அவர்தான்.

இப்ஹாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரின் ஓரத்தில் இருந்த நாலு இலக்கத்தை வாசித்தார். "பூச்சியம் ஒன்பது, பூச்சியம் நாலு. ரெண்டாயிரத்தி நாலாம் வருசம் ஒன்பதாம் கிழமை செஞ்சது தங்கச்சி." இரண்டு பெருவிரலாலும் அழுத்தினார். பழைய பப்படம்போல ரப்பர் வாய்விட்டது. "ஓடின டயர் தேயும். ஓடாத டயர் இப்பிடித்தான்."

றேணுகா பவுடரைப் பாவாடையிலிருந்து தட்டினாள்.

"நான் சிங்கப்பூர் ஆள் ஒராளிட்ட சொல்லி எடுக்கிறன். நாளாகும். ஒரு விசயம், பின் ரிம்ம டேப் வெச்சு அளந்தீங்களா?"

"ரெண்டும் பத்தொன்பதாம்."

"யார் சொன்ன?"

"என்ர மிஸ்டர்."

"மிஸ்டர் சொன்னா சரிதான். எண்டாலும் அளந்துட்டு வாங்க."

அன்று பின்னேரம் அவள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு பைக்கின் பின்னால் குந்தினாள். சக்கரம் சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவில் இறுகியிருந்தது. கிழிந்த டயரின் ஓரத்தில் எழுத்தொன்றும் தெரியவில்லை. பழைய பைக்குகளின் ஊர்வலத்துக்குப் போகுமுன் பிறெடி ஒவ்வொரு முறையும் டயருக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பான், மினுங்க வேண்டும் என்று. பத்து வருடப் பெயின்ட். அலுமாரியை நகர்த்தவேண்டும், அதற்கு மம்மியை எழுப்பவேண்டும். டோஹாவிலிருந்து அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது.

"என்ன செய்யிறாய்?"

"ரிம்மை அளக்கப்போறன்."

"ஏன், எனக்கு என்ர பைக் தெரியாதா?" அவன் சிரித்தான். "உன்ர இடுப்பு அளவைக் கேள், அதையும் சொல்லுவன்."

அவள் டேப்பைச் சுருட்டித் தையல் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

2023இல் வத்தளையிலிருந்து மாக்ரெட் வந்து சொன்னாள். மாக்ரெட் அதே அலுவலகத்தில் காசாளராக இருந்து விலகியவள். தன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகிறதாம். படி இல்லை, குளியலறை உள்ளேயே. முன்னறையில் இரண்டு பக்கமும் யன்னல், பின்னால் பலாமரம். பைக் நிறுத்தத் தகரக் கொட்டில்கூட இருந்தது. றஞ்சிதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் பலாமரத்தைப் பற்றியே கதைத்தாள். றேணுகா யன்னல்களைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. ஆனால் இரவில் தாய் தூங்கியபிறகு, ஒரு சாண் திறந்த யன்னலோரம் நின்று, கட்டிலை அங்கே எந்தப் பக்கம் போடுவதென்று யோசித்தாள். கல்யாணம் முடித்து வந்ததுதொட்டு இந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று அவள் விரும்பியது அதுதான் முதல் தடவை. விரும்பியபிறகு அந்த வீட்டில் மூச்சுவிடுவதே கஷ்டமாகிப்போனது.

கொட்டாஞ்சேனை வாடகை வீட்டை வெறுமையாக்கித்தான் சொந்தக்காரரிடம் கையளிக்கவேண்டும். பைக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒழுங்கைக்குள் லொறி வராது, பைக் தூக்கிச் சுமக்கக்கூடிய பாரமும் இல்லை; மூன்று படி இறக்கி, நூறு யார் தூரம் உருட்டித்தான் பெருந்தெருவுக்குக் கொண்டுபோகவேண்டும். டயர் இல்லாமல் உருட்டினால் ரிம் போய்விடும்.

ஜூன் முடிவு என்றாள், டயர் வரவில்லை. ஜூலை என்றாள், கப்பல் சுணங்கியது. மாக்ரெட் கடைசியாக ஓகஸ்ட் கடைசியில் வரும் பௌர்ணமிப் போயாவைச் சொன்னாள். "புதன்கிழமை லீவு. அண்டைக்கு வந்து வீட்டுத் திறப்பை வாங்கு. இல்லாட்டி வியாழக்கிழமை மற்ற ஆக்கள் வருவினம். நான் இனிப் பொறுக்க ஏலாது றேணுகா, சொல்லிப்போட்டன்."

போயாவுக்கு ஐந்து நாள் இருக்க இப்ஹாமின் டயர்கள் இரண்டும் வந்தன. அந்த வருடத்து இலக்கம். றேணுகா முச்சக்கர வண்டியில் இரண்டு டயரையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வந்தாள். பஞ்சிகாவத்தையில் கண்டவர்கள் கடைக்குள்ளிருந்து கைதட்டினார்கள்.

போயா அன்று காலை ஜிந்துப்பிட்டியிலிருந்து தயாபரன் மெக்கானிக் வந்தான். ஒழுங்கை முனையில் லொறி நின்றது. பானை சட்டி, கட்டில், மாதா சுரூபம் எல்லாம் ஏறிவிட்டன. றஞ்சிதம் ஞாயிற்றுக்கிழமைச் சேலை உடுத்து, ஏற்றாமல் வைத்த ஒரே கதிரையில் கைப்பையோடு இருந்தாள். முன் டயர் அரை மணித்தியாலத்தில் ஏறியது. தயாபரன் பின் சக்கரத்தைக் கழற்றி, புது டயரை அதில் வைத்தான். வைத்தவன் கையை எடுத்தான். டயர் ரிம்மைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது.

"அக்கா, இது மெலிஞ்ச கைக்குப் போட்ட காப்பு மாதிரியெல்லோ கிடக்கு."

"என்ன?"

அவன் பழைய டயரை எடுத்து, திருகாணிச் சாவியின் முனையால் பெயின்டைச் சுரண்டினான். ஒரு படை, அதற்குக் கீழே இன்னொரு படை. ஒன்று தெரிந்தது. பிறகு எட்டு.

"பதினெட்டு. ஆர் உங்களுக்குப் பத்தொன்பதெண்டு சொன்னது?"

றேணுகா குனிந்து அந்த எட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கடைகள் எல்லாம் பூட்டு, போயா. தயாபரன் ஒழுங்கையை எட்டிப் பார்த்தான்.

"லொறிக்காரன் இருக்கிறான், நான் இருக்கிறன், எதிர்வீட்டு மெல்ரோய் இருக்கிறார். வெறும் ரிம்மில தள்ளிக்கொண்டு போவம். மிஞ்சினால் ரிம் கொஞ்சம் நெளியும். நான் தட்டித் தாறன். ஓம் எண்டு சொல்லுங்கோ."

"பொறுங்கோ," என்றாள் றேணுகா. "ஒருக்காக் கேட்டிட்டு வாறன்."

டோஹாவுக்கு எடுத்தாள். அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரம். மறுபடியும் எடுத்தாள். தயாபரன் படியில் இருந்து பிளேன்ரீ குடித்தான். லொறிக்காரன் இரண்டுதரம் வந்து பார்த்தான், மூன்றாம் தரம் வந்தபோது சத்தம் போட்டான். "ரிம்தானே பிள்ளை," என்றாள் றஞ்சிதம் கதிரையிலிருந்து, முதல் தடவையாகக் கேலி இல்லாத குரலில். "ஆளின்ர கால் இல்லையே." றேணுகா பதினோராவது தடவை எடுத்தாள்.

மூன்று மணிக்கு லொறிக்காரன் சாமான்களை ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஐந்து மணிக்கு, தாங்கள் வரவில்லை என்று அவள் மாக்ரெட்டிடம் தானே சொன்னாள். "ஒரு பைக்குக்காகவா?" என்று மட்டும் மாக்ரெட் கேட்டாள். ஏழு மணிக்கு, கட்டில் மறுபடி பழைய இடத்தில் போட்டான பிறகு, பிறெடி எடுத்தான்.

"பதினொரு மிஸ்ட் கோல். என்ன நடந்தது?"

"டயர் ஏறேல்ல. ரிம்மில இழுக்கலாமோ எண்டு கேக்க எடுத்தனான்."

"இழுத்தியா?"

"இல்லை."

"நல்ல வேலை செய்தாய். கடைக்காரன் பிழையான சைஸைத் தலையில கட்டியிருப்பான். திருப்பிக் குடுத்திட்டு வேற பத்தொன்பது தேடு."

அவள் பதினெட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், "சரி," என்று போனை வைத்தாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை, அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு இப்ஹாமிடம் போனாள். பதினெட்டு டயர் கடை வாசலிலேயே, இத்தனை மாதமாக அவள் தலை முட்டிப் போய்வந்த கம்பியில் தொங்கியது. எடுத்துக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. இப்ஹாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் பில்லை மடித்துக் கொடுத்தார். தயாபரன் அன்று மாலையே டயரை ஏற்றினான். பைக் நிமிர்ந்து நின்றது. இப்போது அதை உருட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம். வத்தளையில் அந்நேரம் வேறொரு குடும்பத்தின் கட்டில் யன்னலோரம் ஏறியிருக்கும்.

ஒன்றரை மாதம் அவள் சனிக்கிழமைகளில் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் கீழே கூட்ட வேண்டியிருந்ததால் அரைச்சுற்று முன்னால் தள்ளினாள், கூட்டியபின் அரைச்சுற்று பின்னால் தள்ளினாள். அதுவே வழக்கமாகிவிட்டது. பிறெடிக்கு அவள் டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்மஸ் போயிற்று, அடுத்த கிறிஸ்மஸும் போயிற்று. மாக்ரெட்டின் வீட்டில் இப்போது மேலேயும் வாடகைக்கு ஆட்கள். பஞ்சிகாவத்தையால் பஸ்ஸில் போகும்போது யாராவது ஒருவர் "பத்தொன்பது அக்கா" என்று கை காட்டுவார். அவளும் காட்டுவாள்.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கையில் விளக்குமாறோடு, யன்னலுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் நின்றபோது போன் டிங் என்றது. பிறெடியின் மெசேஜ்.

"றேணு, ஒரு விசயம். இண்டைக்கு இங்க ஒருத்தனோட பைக் கதை கதைக்கேக்கதான் ஞாபகம் வந்தது. பின் ரிம் பதினெட்டு. எழுபதுகளில டயர் கிடைக்காத நேரம் டடி வேற பைக்கின்ர ரிம் போட்டவர். எனக்குச் சொன்னவர், நான்தான் மறந்திட்டன். பதினெட்டு லேசு, எந்தக் கடையிலயும் கிடைக்கும். வாங்கிப் போட்டிட்டு ஒரு போட்டோ அனுப்பு. கொன்ட்ராக்ட் நீட்டிப்போட்டாங்கள், ஈஸ்டருக்கும் வர ஏலாது. சனிக்கிழமை உருட்ட மறக்காத."