லாரியா, பாட்டிலா

சலூன்காரர் கையில் இப்போது கத்தி இல்லை, துடைப்பம்தான். கடை அவருக்கும் தம்பிக்கும் பொது. குடியால் கை நடுங்கி, வாடிக்கைக்காரர் ஒருவரின் காதோரம் ரத்தம் எட்டிப் பார்த்த அன்று தம்பி சண்டைக்கு நிற்கவில்லை. அண்ணன் கையிலிருந்த கத்தியை வாங்கி, கழுவி, மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"முடிய வேணா கூட்டு, அண்ணே. குடிய நிறுத்த ஏதோ கூட்டம் நடக்குதாமே, அங்க போய்ட்டு வா. கத்தியப் பத்தி அப்புறம் பேசலாம்."

கூட்டம் நடக்கும் இடத்தை நாலு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தது மனைவி. மார்க்கெட்டுக்குப் பின்னால் மஞ்சள் கட்டடம், முதல் மாடி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மனுஷன் இரண்டு தடவை கேட் வரை போய்த் திரும்பிவிட்டார். முதல் தடவை கேட் பூட்டியிருந்தது என்றார். அடுத்த தடவை மழை என்றார்.

"மழையா? மொட்டமாடியில காஞ்ச துணிய இப்பதான் மடிச்சு வச்சேன்," என்றாள் மனைவி. "பாட்டில் கடைக்குப் புயல்லயும் வழி தெரியுது. இதுக்கு மட்டும் தெரியலயா? இந்தத் தடவ போகாம வந்தீங்கன்னா கடையிலயும் துடைப்பம், வீட்டுலயும் துடைப்பம். அங்க உங்க கையில இருக்கும். இங்க என் கையில இருக்கும்."

அதனால் மூன்றாம் தடவை கேட்டைத் தாண்டினார். உள்ளே வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். 'குடி' என்ற வார்த்தை சலூன்காரரின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. குரலை இறக்கி, "அண்ணே... இந்த... தண்ணிப் பிரச்சினை கூட்டம்..." என்றார்.

"மேல ஏறி இடது பக்கம். சத்தம் கேக்கும், போங்க."

சத்தம் கேட்கத்தான் செய்தது. அறை நிறைய ஆட்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். அடேயப்பா, உலகத்தில் நான் மட்டும் இல்லை போலிருக்கிறதே என்று அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி போட்ட டீச்சரம்மா ஒருவர்தான் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. உங்களுக்கு எத்தன நாளாப் பிரச்சினை?"

"பத்து வருஷமாங்க."

அறையே உச்சுக் கொட்டியது.

"எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவதான்," என்றார் ஜன்னலோரம் இருந்த அம்மாள்.

வாரத்துக்கு ஒரு தடவைக்கே திருந்த வந்துவிட்டார்களா! சலூன்காரருக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கு முன்ன சாயந்திரம் மட்டும்தாங்க. இப்பக் காலையிலயும்."

"காலையிலயும் சாயந்திரமுமா? குடுத்து வச்சவரு," என்றார் அந்த அம்மாள். "எந்தத் தெரு நீங்க?"

"பொறுங்க," என்றார் டீச்சர். "வாங்குறீங்களா? லாரியிலயா?"

"ஐயோ, லாரியெல்லாம் இல்லீங்க. ஒரு பாட்டில்தான்."

"ஒரு பாட்டில்ல எப்படிங்க குடும்பம் நடக்குது?"

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "குடும்பம் எங்கங்க நடக்குது. குடிச்சா நானே ஒழுங்கா நடக்கமாட்டேன்."

நிமிர்ந்தபோதுதான் அவர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். 'குழாயில் தண்ணீர் வராத தெருக்கள்' என்று எழுதி, கீழே தெருப் பெயர்கள் வரிசையாக இருந்தன. யாரோ ஒருவர் 'புர்ர்'ரென்று சிரித்தார். அதோடு அறை முழுக்கப் பற்றிக்கொண்டது.

அவர் விருட்டென்று வெளியே வந்தார். நேரே படி. இறங்கினால் தெரு, தெருமுனையில் பாட்டில் கடை. ஒரு கால் படியில் இருக்கும்போது டீச்சர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சிரிச்சத மனசுல வச்சுக்காதீங்க. நீங்க தேடி வந்த கூட்டம் எதிர் ரூம்."

"அதுக்கில்லீங்க டீச்சர். பத்து வருஷமா கட்டினவகிட்டக்கூட என் வாயால ஒத்துக்கிட்டதில்ல. இங்க இத்தன பேர் முன்னால போட்டு உடைச்சிட்டேன்."

"உடைஞ்சது உடைஞ்சிருச்சு. சூட்டோட சூடா அங்கயும் சொல்லிடுங்க."

எதிர் அறையில் வட்டமாக நாற்காலிகள். அவர் முறை வந்ததும் எழுந்தார். "நான் குடிக்கிறவன். இத இப்பதான் எதிர் ரூம்ல தண்ணி வராதவங்ககிட்ட சொல்லிட்டு வரேன். லாரியில வாங்குறீங்களான்னு கேட்டாங்க."

அங்கே சிரித்ததைவிட இங்கே சிரிப்பு பலமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கண்டக்டர் சொன்னார்: "நானும் மொத நாள் அங்கதான் போய் உக்காந்தேன். லாரி வேணும்னு மனுவுல கையெழுத்தே போட்டுட்டு வந்தேன்." அன்றிலிருந்து அந்த வட்டத்தில் சலூன்காரருக்குப் பெயர் 'லாரி'.

வீட்டுக் கதவு திறந்ததும் மனைவி முதலில் மோந்து பார்த்தாள். பிறகுதான் கேட்டாள், "போனீங்களா?"

"ரெண்டு கூட்டத்துக்குப் போனேன்."

முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "எங்க போனாலும் தண்ணி உங்கள விடாது போல," என்றாள். ஆனால் அன்று சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தாள். ரொம்ப நாளாக மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

செவ்வாய்க்கிழமைகள் போயின. நடுவில் ஒரு தடவை வழுக்கி, குடித்துவிட்டார். மறுநாளே கண்டக்டருக்குப் போன் போட்டு, அடுத்த கூட்டத்தில் மறைக்காமல் சொன்னார். கை மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு நாள் காலையில் கடையில் ஆள் இல்லாத நேரம், தம்பி சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினான். அதோடு நிற்காமல் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து மோவாயை நிமிர்த்தினான்.

"சேவ் பண்ணு, அண்ணே."

அண்ணன் நுரை தடவினார். கத்தி கழுத்தில் படும் நேரம் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டான், "கை நடுங்கலயே?"

"கை நடுங்கல. உன் கழுத்துதான் நடுங்குது. ஆடாம உக்காருடா."