தாண் கோத்திரத்தின் எல்லைகள்

"பழைய இஸ்ரவேலரின்ர காணிக் கதையைப் படிச்சு இந்த நாட்டில என்ன வேலை எடுக்கப்போறாய், பிள்ளை?" என்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டூங்கபியில் எங்கள் வீட்டுக்கு வந்த, அப்பாவின் ஊர்க்காரரான அங்கிள் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில், வேதாகமத்தில் வரும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்றான தாண் கோத்திரத்துக்குப் பங்காகக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. அங்கிளுக்கு முன்னாலேயே, எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால், ஊரில் இராணுவ முகாமுக்குள் அகப்பட்டுவிட்ட எங்கள் காணியின் உறுதிப்பத்திரத்தை நாலு எல்லையோடும் மனப்பாடமாகச் சொல்வார். தாணின் எல்லைகளையும் அதே கவனத்தோடு கேட்டுவிட்டு விசாரித்தார்.

"எல்லையெல்லாம் வடிவாச் சொல்லிக் கிடக்கு. அதுக்குள்ள இருந்தவையோ?"

"இல்லையப்பா. அங்க இருந்த பலமான சனம் விடேல்ல. பிறகு வடக்க போய், அமைதியா இருந்த ஒரு ஊரை எரிச்சுப்போட்டு அதில குடியேறினவை."

"கெட்டிக்காரர்தான்," என்று அங்கிள் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அந்த ஊர்ச் சனம் என்னானது?"

என்னுடைய எண்பது பக்கங்களில் அவர்களுக்கு ஒரேயொரு வரிதான் இருந்தது. காணி பறிபோனவரின் மகள் நான். அதை எழுதியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

மறுநாள் காலையே பேராசிரியருக்கு எழுதி, கூடுதல் அவகாசம் கேட்டேன். முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, எரிந்த அந்த ஊரிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.