ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கோணல் கண்

தம்புள்ளையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், நாவுலைக்குக் கிட்ட வேனைத் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். மற்றவர்கள் கடைக்குள் போனார்கள். எனக்கு மூக்கில் பெயின்ட் வாசனை ஏறியது. ஆயுள் முழுக்கச் சீமெந்திலும் சுண்ணாம்பிலும் புரண்டவன் நான். அந்த வாசனை வந்த பக்கம் கால் தானாகப் போகும். போய்ப் பார்த்தால், பழைய ஆஸ்பத்திரி வாசலில் நம்முடைய வெள்ளைக்காரர் சிலைக்கு ஏணி சாத்தியிருக்கிறது. மேலே ஒரு பெயின்டர், பட்டி பூசுகிற தகடும் கையுமாக, அவருடைய இடது கண்ணுக்கு நேரே நிற்கிறான்.

“அந்தக் கண்ணுல கை வைக்காத தம்பி” என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். “நீங்க யாருங்க?”

என்னைப் பார்த்து இந்தக் கேள்வி. மாத்தளை டவுனில் என் கையால் எழும்பிய கட்டடங்களைக் காட்ட வேண்டுமென்றால் அவனை ஒரு பகல் முழுக்க நடக்க வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்ஜினியர்மார் விரித்த படத்திலேயே பிழை கண்டுபிடித்திருக்கிறேன். ஒருமுறை படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்கிறார்கள். பிழை பிழைதானே.

அந்த வெள்ளைக்காரர், மலேரியாக் காய்ச்சலை நுளம்புதான் கொண்டுவருகிறது என்று கண்டுபிடித்த விஞ்ஞானி. உலகம் அறிந்த பெயர்; என் நாக்கில்தான் ஒருநாளும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. பீடத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. பீடம் நான் கட்டியது. இன்றைக்கும் ஒரு வெடிப்புக் கிடையாது, அந்தப் பக்கம் போனால் தட்டிப் பாருங்கள்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். மேலே நுளம்பு கடித்தால் சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மேசன் வேலைக்கென்று நாவுலைப் பக்கம் இறங்கிய பிறகுதான் அதற்கு இன்னொரு முகம் இருப்பது தெரிந்தது. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். முதலில் குளிர். போர்வை மேல் சாக்கு, சாக்கு மேல் ஆளே ஏறி உட்கார்ந்தாலும் நடுக்கம் நிற்காது. பிறகு நெருப்பு, பிறகு வியர்வை. மறுநாள் அதே ஆள் எழும்பி, தலை வாரி, ஒன்றும் நடக்காததுபோல மண்வெட்டியைத் தூக்குவான். ஆள் பிடிக்கும்போது சம்பளம் பேசுமுன் “ஒனக்குக் குளிரு இன்னைக்கா நாளைக்கா?” என்றுதான் கேட்போம். இன்றைக்குக் குளிர்கிறவன் ஒருவன், நாளைக்குக் குளிர்கிறவன் ஒருவன் என்று ஜோடி சேர்த்து வேலையை ஓடவைத்தவன் நான்தான். மற்ற மேசன் பாஸ்மார் என்னைப் பார்த்துத்தான் படித்தார்கள்.

வாசனை என்றதும் இன்னொன்று. சுவருக்கு மருந்தடிக்கிற ஆட்கள் முதுகில் டாங்கியோடு வருவார்கள். சட்டி, பாய், கோழிக்கூடு எல்லாம் முற்றத்துக்கு வரும். அடித்த பிறகு சுவர் திட்டுத் திட்டாக நிற்கும், வீடு நாறும். தீபாவளி வந்தால் சனம் என்னைக் கூப்பிட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லும். நானும் அடிப்பேன். ஆஸ்பத்திரி டொக்டர் சைக்கிளில் துரத்தி வந்து ஏசுவார். “பாஸ், நான் நுளம்புக்கு மருந்து வைக்கிறேன், நீங்க அதுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிடுறீங்க.”

டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். இந்தச் சிலையே அவருடைய யோசனைதான். சனம் காய்ச்சலுக்குப் பேயைச் சொன்னது, பனியைச் சொன்னது. நுளம்பைச் சொன்னால் சிரித்தது. வாசலில் ஒரு ஆளை நிறுத்திவைத்தால் யார் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

சிலைக்கு முத்தையா ஆசாரியை நான்தான் கூட்டிவந்தேன். கோயில் சுதை வேலைக்காரர். வெள்ளைக்காரருக்குக் கோட்டு, மீசை எல்லாம் பொருத்தமாக வந்தன. நெஞ்சு மட்டும் கொஞ்சம் முருகன் நெஞ்சாகிவிட்டது. கண்ணை விட்டுவைத்தார். திறப்பு விழாவன்று காலையில்தான் கண் திறக்க வேண்டும், திறந்த கண்ணைத் துணி போட்டு மூடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

“ஆசாரி, இது சாமி இல்லையே” என்றார் டொக்டர்.

“சாமி பாக்காட்டியும் சாமிதாங்க. இவரு கண்ணால பாத்ததுக்குத்தானே இவருக்குச் சிலை. அப்ப எது முக்கியம்?”

டொக்டர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

ஆசாரியண்ணனுக்கும் குளிர் இருந்தது. அந்த வாரம் அவர் முறை வியாழன். விழா வெள்ளி. அதைப் பார்த்துத்தான் நாளே சொல்லியிருந்தார். கடைசி நேரத்தில் கண்டியிலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரி, வெள்ளி முடியாது, வியாழன் வருகிறேன் என்று ஆள் அனுப்பிவிட்டார். அன்றைக்கென்று இரத்தோட்டையிலிருந்து கோயில்காரர்களும் வருவதாக இருந்தது. புதுக் கோபுர வேலையை ஆசாரியிடம் கொடுக்கலாமா என்று கையைப் பார்த்துவிட்டுப் போக. கண்ணைப் பிழையாகத் திறந்த ஆசாரியை அதற்குப் பிறகு எந்தக் கோயிலும் கூப்பிடாது.

“குளிரு பத்து மணிக்கு மேலதான் வரும் தம்பி. அதுக்குள்ள ரெண்டு கண்ணையும் முடிச்சிருவேன்” என்று சாரத்தில் ஏறினார். நானும் ஏறினேன்.

வலது கண் முடிந்தது. கொக்குக் கண் மாதிரிக் கூர்மை. இடது கண்ணில் உளியை வைத்தபோது சாரம் ஆடியது. சாரம் நான் கட்டியது, ஆடாது. ஆடியது அவர்.

“விடுங்கண்ணே, நா செதுக்குறேன்.”

“நீ தொட்டா வெள்ளைக்காரன் ரெண்டாந்தரம் செத்துருவான்டா. இடுப்பப் புடி.”

பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன். அவர் பல் அடித்தது, சேர்ந்து என் பல்லும் அடித்தது. கீழே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நடுக்கமும் போய் அடுத்தது வருமுன் ஒரு தட்டு. அப்படித் தட்டித் தட்டித்தான் அந்தக் கண் திறந்தது. முடித்ததும் அவரைப் பீடத்துக்குப் பின்னால் இறக்கிச் சாக்கால் மூடிப் படுக்க வைத்தேன்.

சாரத்தைப் பிரித்தார்கள், அதிகாரி வந்து நாடாவை வெட்டினார். சனம் அண்ணாந்து பார்த்தது. பிறகு யாரோ ஒருவன், “மாறுகண்ணுடா” என்றான். சிரிப்புப் பரவியது. கோயில்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாக்கு பீடத்துக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது.

டொக்டர் சிலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார். “இந்த மனுசன் வருசக்கணக்கா ஒரு கண்ணை மூடி, மத்தக் கண்ணாலதான் பூதக்கண்ணாடிக்குள்ள நுளம்பைப் பாத்தவர். அவர் கண் இப்படித்தான் இருக்கும். ஆசாரி விசயம் தெரிஞ்சு செஞ்சிருக்கார்.”

சனம் கைதட்டியது. கோயில்காரர்களும் தட்டினார்கள். மறுநாள் எழும்பிய ஆசாரியண்ணன், “டொக்டரு நல்லாப் பொய் சொல்றாரு தம்பி. மருந்தும் அப்பிடித்தானோ என்னமோ” என்றார். கோபுர வேலை அவருக்கே கிடைத்தது. குளிர் இல்லாத நாளாகப் பார்த்து ஒவ்வொரு கண்ணாகத் திறந்தார். அங்கே ஒன்றும் கோணவில்லை. ஆனால் பஸ்ஸில் இந்த வழியாகப் போனால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். “ஒரு நல்ல நாளாப் பாத்துத் திருத்திரணும்” என்பார். டொக்டர்தான் விடவில்லை. கண் ஏன் கோணல் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நுளம்புக் கதையைச் சொல்ல அவருக்கு அது வசதியாகப் போயிற்று. இருவரும் போய்ச் சேர்ந்து நாளாயிற்று.

இவ்வளவையும் ஏணிக்குக் கீழே நின்று சொன்னேன். பெயின்டர் மரியாதையாகக் கேட்டான்.

“மலேரியான்னா டெங்கு மாதிரிங்களா?”

“இல்ல தம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.”

“காய்ச்சல் எப்பிடிங்க லீவு எடுக்கும்?” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். மருந்து டாங்கி இல்லை. முற்றத்துக்கு வந்த சட்டி பானை இல்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த, நாக்கைச் சுருட்டும் அந்தக் கசப்புக் குளிசை இல்லை. ஒரு வேலைக்கு இரண்டு ஆளை ஜோடி சேர்த்த என் கெட்டித்தனத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை. நாவுலைப் பக்கம் அந்தக் குளிர் கடைசியாக மிஞ்சியிருந்தது இந்த ஒரு கண்ணில்தான். கேட்க நோயாளி இல்லை, சொல்ல டொக்டர் இல்லை. இனி அது எதற்குக் கோணலாக நிற்க வேண்டும்? மற்றப் பக்கம் திரும்பிக்கொண்ட ஆசாரியண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

“அப்ப விட்றவாங்க?” என்றான்.

“இல்ல. செய். மத்தக் கண்ணப் பாத்து, அதே மாதிரி செய்.”

ஏணி லேசாக ஆடியது. ஏணி கட்டத் தெரியாத காலம் இது. கிட்டப் போய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பட்டியை எடுத்தான், வைத்தான், ஒரே இழுப்பாக இழுத்தான். அவன் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.