மஞ்சள் தண்ணீரும் அம்முலுவின் தோளும்

மானாம்பதியில் நடவுக்குப் போகும் பெண்களில் அம்முலுவுக்குத்தான் அடிக்கடி சாமி வரும். வெயில் காலத்தில் வராது, பனி விழ ஆரம்பித்தால்தான் வரும். இடது தோளில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண் சொருகும், ஊரே கேட்க அலறுவாள். உடனே யாராவது ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றுவார்கள். சாமியைக் குளிர வைக்கிறார்களாம். அலறல் இரட்டிப்பாகும். அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்று இன்னொரு குடம் வரும். புருஷன் எல்லப்பன் முதல் ஆளாகக் காலில் விழுந்து, பசு கிடாரிக் கன்று போடுமா என்று குறி கேட்பான்.

அவள் தோளில் பட்டாணி அளவில் சிவந்த கட்டிகள் கொத்தாக இருந்தன. ரவிக்கை உரசினாலே சுரீர் என்றது. மாமியாரிடம் காட்டினாள். அம்மன் போட்ட முத்து என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், அதோடு சரி.

எண்பத்து நாலாம் வருஷம், குஷ்டம் இருக்கிறதா என்று வீடு வீடாகத் தோலைப் பார்க்க வந்த சர்க்கார் ஆள் வேதகிரி, அந்தக் கட்டிகளைக் கண்டதும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். எல்லப்பன் குஷ்டம்தான் என்றே நினைத்துவிட்டான். பூசாரியைக்கூடக் கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

தோல் டாக்டரம்மா லீலாவதி ஒரு ஐஸ் துண்டைக் கட்டிகளின்மேல் வைத்தார். அம்முலு அலறிய அலறலில் எல்லப்பனின் கைகள் பழக்கதோஷத்தில் குவிந்துவிட்டன. டாக்டரம்மா ஐஸை எடுத்துவிட்டு, துணியால் ஒற்றியபடி கேட்டார்:

"ரொம்ப வலிக்குதாம்மா?"

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள்.

ரொம்பப் படுத்திய இரண்டு கட்டிகளை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். குஷ்டமும் இல்லை, புற்றும் இல்லை. தோலுக்குள் இருக்கும் சின்னத் தசை திரண்ட கட்டிதான், குளிர் பட்டால் சுருங்கி வலிக்கும் என்றார் டாக்டரம்மா. மிச்சக் கட்டிகள் சுருங்காமல் இருக்க, ரத்தக் கொதிப்புக்காரர்கள் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்தார். முதலில் முகம் காந்தியது, தலை வலித்தது. ஆனால் தோள் அடங்கியது. அப்பாடா என்று அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

தை மாதத்துக் காலையில் கிணற்றடியில் நின்று சொம்பு சொம்பாகத் தோளில் ஊற்றிக்கொண்டாள். லேசாகக் கடுத்தது, அவ்வளவுதான். எல்லப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்போ இத்தினி நாளா வலியிலதான் கத்திக்கினு இருந்தியா?"

"வேற இன்னா? நீ கால்ல வுயுந்து கும்புட்டுக்கினு கெடந்த. நான் யாராண்ட போயி வலிக்குதுன்னு சொல்றது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எல்லப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.