அப்பா படத்துக்கு ஓர் ஆணி

எங்கள் வீட்டில் கூடத்து விளக்கைப் போட வேண்டுமானால் முதலில் முருகனை நகர்த்த வேண்டும். கோலா சாவா பக்கம் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடு, இடம் குறைவு. சிரம்பானில் வாங்கிய புது சாமி மேடை சுவிட்சை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"சுவிட்ச கதவுப் பக்கம் மாத்திட்டா போச்சு. வயர்மேன் எதுக்கு? நானே செய்றேன்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். நேர் ரோடு இருக்க, மரங்களுக்கு நடுவே குறுக்கே விட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்குவார். நான் பகாவில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைக் கொத்தி, வயரைப் பதித்து, சிமெண்டு பூசி, சாயமும் அடித்திருந்தார். நானும் வாயாரப் பாராட்டித் தொலைத்தேன்.

அப்பாவின் திதி நெருங்கியது. அதற்குள் அவர் படத்தை அந்தச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று ஆணியை எடுத்தேன். "இப்ப வேணாம், ராகு காலம்" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் எமகண்டம். அதற்கடுத்த நாள் அஷ்டமி. எங்கள் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தவறி வந்த மனிதர்! அப்பாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்தான். செத்தவருக்குச் சுவரில்கூட இடம் கொடுக்க மனசில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் குளிக்கப் போனதும் நாற்காலியில் ஏறினேன். முதல் அடிதான் விழுந்தது. சோப்பு நுரையும் துண்டுமாக ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

"இறங்குடி! அங்கதான் வயர் போவுது! குறுக்கால இழுத்துட்டேன்!"

பக்கத்து வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் அவர்களைக் கவனிக்காமல் என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் வந்த வயர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, சுவிட்சுலேருந்து நேரா மேல போவணும், இல்ல நேரா பக்கத்துல போவணும். அதுவும் பைப்புக்குள்ள. அப்பத்தான் எங்க ஆணி அடிக்கக் கூடாதுன்னு மத்தவங்களுக்குத் தெரியும்." ஈரக் கையோடு மெயின் சுவிட்சைத் தொட்டதற்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது. பிறகு சுவரை மறுபடி கொத்தி, வயரை நேராக இறக்கினார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சொன்னா சிரிப்ப."

சிரித்திருப்பேன்தான்.

படத்துக்கு அவரே ஆணி அடித்தார். திதியன்று மாலையும் அவரே போட்டார். "மாமா, உங்க மவ உசிரோடதான் இருக்கா" என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கேட்காததுபோல் வடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.