அவளுக்கு வந்தது வேறு கிருமி

பென்சிலின் வராத காலம் அது. நானும் என் மனைவி ரோசம்மாவும் ஒரே வாரத்தில் நிமோனியாவில் விழுந்தோம். நான் பிழைத்தேன். அவள் போய்விட்டாள்.

நான் காய்ச்சலில் மிச்சம் வைத்த கஞ்சியை அவள்தான் குடித்தாள். "உங்ககிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சு, மாப்ளே" என்று மாமியார் அழுதார். நானும் அப்படியே நம்பி, ஒக்கலிபுரம் வீட்டில் யார் முகத்திலும் விழிக்காமல் கிடந்தேன்.

அவளுடைய கம்பளியைத் திரும்ப வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சளி சோதிக்கும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நிமோனியான்னு பேருதான் ஒண்ணு. கிருமியில பல வகை இருக்கு. உங்களுது ஒண்ணாம் வகை. அதுக்கு சீரம்னு ஒரு ஊசி மருந்து இருந்துச்சு, போட்டோம். அவங்களுது மூணாம் வகை, ரொம்பப் பொல்லாதது. ரத்தத்துலயே கலந்துடுச்சு. அதுக்கு எங்ககிட்ட மருந்தே இல்ல. உங்ககிட்டேருந்து அவங்களுக்கு வரல, சார்."

"நல்லாத் தெரியுமா?"

"நானே ரெண்டு தடவை பார்த்தேன்."

கை கூப்பினேன். என் மனசு லேசாகட்டும் என்றுதான் அவர் சொன்னார். லேசாகத்தான் ஆனது. ஆனால் கம்பளியை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில் ஒன்று உறைத்தது. நோயாவது எங்கள் இருவருக்கும் பொது என்று அதுவரை நினைத்திருந்தேன். அதிலும் அவள் தனியாகத்தான் போயிருக்கிறாள்.